பாக்கி வைத்தவர் பெயரை ஊருக்குச் சொல்வதா, வேறு வழி பார்ப்பதா?

பில் கட்டாத வாடிக்கையாளரைப் பற்றிப் பேச வருகிற எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். "ஆறு மாதமாக இழுத்தடிக்கிறார். போன் எடுப்பதில்லை. பெயரைப் போட்டு ஒரு பதிவு போட்டால் மறுநாளே கட்டிவிடுவார். போடலாமா?" கேட்பவர் பயிற்சி வகுப்பு நடத்துபவராக இருக்கலாம், சின்ன கிளினிக் வைத்திருப்பவராக இருக்கலாம், குடியிருப்போர் சங்கச் செயலாளராகவும் இருக்கலாம். கோபம் எல்லோருக்கும் ஒன்றுதான், அது நியாயமான கோபமும்கூட. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுச் சொந்தப் பணத்துக்காகக் கெஞ்சி நிற்பது யாருக்குத்தான் பிடிக்கும்?

பெயரை வெளியிட்டால் பணம் வரவே வராது என்று நான் சொல்லப் போவதில்லை. சில நேரம் வரும். யாரிடமிருந்து வருகிறது, கூடவே வேறு என்னென்ன போகிறது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும். கையில் இருக்கும் வழிகள் ஆறு: பெயரை வெளியிடுவது, தனியாகக் கேட்பது, சேவையை நிறுத்துவது, வசூல் நிறுவனத்திடம் கொடுப்பது, சட்டப்படி போவது, விட்டுவிடுவது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், கட்டாதவர் எந்த ரகம் என்பது. நான்கு ரகம் உண்டு. மறந்தவர், மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குப் போயிருக்கும், முகவரி மாறியிருக்கும். முடியாதவர், வேலை போயிருக்கும், வீட்டில் யாருக்காவது நோய் வந்திருக்கும். மறுப்பவர், பில்லே தப்பு, வேலை சரியில்லை என்று நினைக்கிறார், ஆனால் வாய் திறந்து சொல்லாமல் ஒதுங்கிவிட்டார். நான்காவது, ஏமாற்றுபவர், பணம் இருக்கிறது, கொடுக்க மனம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் நால்வரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். நான்கு பேருமே போனை எடுக்கமாட்டார்கள். கோபத்தில் இருப்பவருக்கு எல்லோருமே நான்காவது ரகமாகத் தெரிவதுதான் சிக்கல்.

இரண்டாவது, பணம் கைக்கு வர ஆகும் மொத்தச் செலவு. இதில் உங்கள் நேரத்தையும் சேர்க்க வேண்டும். பெரும்பாலானோர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

மூன்றாவது, தவறாகிப் போனால் திருப்ப முடியுமா என்பது. தப்பாக அனுப்பிய நினைவூட்டலுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் போதும். தப்பாக வெளியிட்ட பெயர் அப்படியில்லை. நீங்கள் பதிவை நீக்கினாலும் அதன் ஸ்கிரீன்ஷாட் யார் யார் போனிலோ கிடக்கும்.

நான்காவது சட்டம். ஐந்தாவது, ஒழுங்காகப் பணம் கட்டிக்கொண்டிருக்கும் மற்ற வாடிக்கையாளர்கள் இதைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்பது. இந்த ஐந்தாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

## வழி 1: பெயரை வெளியிடுவது

இதில் பல படிகள் உண்டு. சுவரில் பட்டியல் ஒட்டுவது, வாட்ஸ்அப் குழுவில் "கீழ்க்கண்டவர்கள் உடனே கட்டவும்" என்று போடுவது, ஃபேஸ்புக்கில் படத்தோடு பதிவிடுவது, அலுவலகத்துக்குப் போன் போட்டு வரவேற்பில் இருப்பவரிடம் "அவர் பாக்கி விஷயமாகப் பேசணும்" என்று சொல்வது. கடைசியாகச் சொன்னதை யாரும் 'வெளியிடுவது' என்று நினைப்பதில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் அந்த அலுவலகம் முழுக்க விஷயம் பரவியிருக்கும்.

பணம் வருமா என்று முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் கான்சஸ், கென்டக்கி, விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்கள் வரி பாக்கி வைத்தவர்களின் பெயர்களை ஏற்கெனவே இணையத்தில் வெளியிட்டு வந்தன. அந்தப் பட்டியலில் இருந்த 34,000க்கும் மேற்பட்டோருக்குக் கடிதம் அனுப்பி நடத்திய ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. உங்கள் பெயர் பட்டியலில் இருப்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரியக்கூடும் என்று உணர்த்தியபோது, 2,500 டாலருக்குக் குறைவாகப் பாக்கி வைத்தவர்கள் கட்டுவது கூடியது. அதற்கு மேல் பாக்கி வைத்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. அதாவது அவமானம் சின்னக் கடன்காரரை அசைக்கிறது, பெரிய கடன்காரரை அசைக்கவில்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது எந்தக் கடன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான்கு ரகத்தோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மறந்தவர் பட்டியலைப் பார்த்ததும் கட்டுவார். ஒரு குறுஞ்செய்தி போயிருந்தாலும் கட்டியிருப்பார். முடியாதவருக்கு வெட்கம் கூடும், பணம் கூடாது. மறுப்பவர் அதுவரை அமைதியாக இருந்தவர். இப்போது வேலையில் நீங்கள் செய்த குறைகளை அவரும் பொதுவில் அடுக்க ஆரம்பிப்பார். ஏமாற்றுபவருக்கு ஏற்கெனவே இன்னும் பல இடங்களில் பாக்கி இருக்கும், பட்டியலில் வருவது அவருக்குப் புதிது இல்லை. மானத்துக்கு அஞ்சுகிறவர்தான் இதில் அடிபடுகிறார். அஞ்சாதவர் தூசியைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

சட்டத்துக்கு வருவோம். "நான் பொய் சொல்லவில்லையே, அவர் தர வேண்டியது உண்மைதானே" என்பதுதான் எல்லோரும் நம்பியிருக்கும் கவசம். அது எவ்வளவு மெல்லியது என்று காட்ட ஒரு பழைய வழக்கு இருக்கிறது. கென்டக்கியில் ஒரு வாகனப் பழுதுபார்க்கும் கடைக்காரர், தனக்குப் பாக்கி வைத்த ஒரு டாக்டரின் பெயரை எழுதி, ஐந்தடிக்கு எட்டடி அளவில் ஓர் அறிவிப்பைத் தெருவைப் பார்த்த கண்ணாடியில் வைத்தார். இன்னார் 49 டாலர் 67 சென்ட் தர வேண்டும். வாக்குறுதிகளால் கணக்கு தீரும் என்றால் இது எப்போதோ தீர்ந்திருக்கும். கட்டும்வரை இந்த விளம்பரம் இங்கேயே இருக்கும் என்பது அதன் சாரம். 1927இல் அந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், சொன்ன விஷயம் உண்மையாகவே இருந்தாலும் இப்படிப் பறைசாற்றுவது ஒருவரின் அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று ஏற்றுக்கொண்டது. கணினியும் இணையமும் இல்லாத காலத்துக் கண்ணாடிப் பலகைக்கே அந்த நிலை.

பிறகு வந்த சட்டங்கள் இதை இன்னும் இறுக்கின. அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டு நியாயமான கடன் வசூல் சட்டம், கடன் கட்ட மறுப்பவர்களின் பட்டியலை வெளியிடக் கூடாது என்று வசூல் நிறுவனங்களுக்கு நேரடியாகவே சொல்கிறது. தபால் அட்டையில் கடனைப் பற்றி எழுதக் கூடாது, உறையின் மேல் வசூல் கடிதம் என்று காட்டும் குறி எதுவும் இருக்கக் கூடாது என்பது வரை போகிறது. அந்தச் சட்டம் பொதுவாக மூன்றாம் தரப்பு வசூல்காரர்களுக்குத்தான் பொருந்தும், தன் பாக்கியைத் தானே கேட்கும் வியாபாரிக்கு அல்ல. அதை நம்பி வியாபாரி துணிந்துவிட முடியாது. மாநிலச் சட்டங்களும், மேலே சொன்னது போன்ற அந்தரங்க உரிமை வழக்குகளும் அவருக்காகவே காத்திருக்கின்றன.

பிலிப்பைன்ஸில் இணையக் கடன் செயலிகள், கடன் வாங்கியவரின் போனில் உள்ள எண்களுக்கெல்லாம் செய்தி அனுப்பி அவமானப்படுத்திய புகார்கள் குவிந்தன. அங்கே 2019இல் பங்கு பரிவர்த்தனை ஆணையம் அதைத் தடை செய்து சுற்றறிக்கை விட்டது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் விட்ட சுற்றறிக்கை, கடனாளியைப் பொதுவில் அவமானப்படுத்துவதையும் அவருடைய குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் நுழைவதையும் தடுக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்கிறது. இது வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்குமானதுதான். மற்றவர்களுக்கு அவதூறுச் சட்டம் இருக்கிறது. இந்தியக் குற்றவியல் அவதூறில், சொன்னது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். என் பில் பணம் வர வேண்டும் என்பதைப் பொது நன்மை என்று நிரூபிப்பது கடினம்.

தரவுப் பாதுகாப்புச் சட்டங்களின் கோணம் வேறு. வாடிக்கையாளர் பெயரையும் எண்ணையும் எதற்காகக் கொடுத்தாரோ அதற்குத்தான் பயன்படுத்தலாம் என்பது அவற்றின் அடித்தளம். ஐரோப்பாவில் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், இதை மீறினால், அபராதம் 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 சதவீதம், எது அதிகமோ அதுவரை போகலாம். சின்ன நிறுவனத்துக்கு அவ்வளவு விழாது. ஆனால் ஒரு புகார், ஒரு விசாரணை, ஒரு வக்கீல் கட்டணம் சேர்ந்தாலே நீங்கள் துரத்திய பாக்கியை விட அதிகமாகிவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. சில இடங்களில் பாக்கிப் பட்டியலே வேறு பல ரகசியங்களைச் சொல்லிவிடும். மனநல மருத்துவரிடம் பாக்கி, கருத்தரிப்பு மையத்தில் பாக்கி, விவாகரத்து வக்கீலிடம் பாக்கி என்றால், அங்கே தொகையை விடப் பெயர்தான் பெரிய செய்தி. அப்படிப்பட்ட தொழிலில் இருப்பவர் இந்த வழியைப் பற்றி யோசிக்கவே கூடாது.

அரசாங்கங்கள் செய்கின்றனவே என்று கேட்கலாம். செய்கின்றன. பிரிட்டிஷ் வரித்துறை, வேண்டுமென்றே வரி ஏய்த்தவர்களின் பெயரை வெளியிடுகிறது. தொகை 25,000 பவுண்டுக்கு மேல் இருக்க வேண்டும், ஓராண்டுக்கு மேல் பெயர் அங்கே இருக்காது. சீனாவின் உச்ச மக்கள் நீதிமன்றம் 2013 முதல், தீர்ப்பு வந்தும் கட்டாதவர்களின் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கியும் வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டவர்களின் படத்தை மட்டுமே வங்கிகள் வெளியிடலாம் என்று 2016இல் வரையறுத்தது. எல்லா இடத்திலும் முதலில் விசாரணை, பிறகு முடிவு, அதன் பிறகுதான் பெயர். தனி ஆள் போடும் பதிவில் புகார் கொடுப்பவர், தீர்ப்பு சொல்பவர், தண்டனை கொடுப்பவர் எல்லாம் ஒருவரே.

ஏதாவது ஒரு சூழலில் இது பொருந்துமா? நீதிமன்றத் தீர்ப்பு கையில் இருந்து, அது பொதுப் பதிவாகவும் இருந்து, மற்றவர்கள் அதே ஆளிடம் ஏமாறும் ஆபத்தும் இருந்தால், தீர்ப்பில் உள்ளதை அப்படியே சொல்லலாம். அதையும் வக்கீலைக் கேட்டுவிட்டு. வேறு சூழல் எனக்குத் தெரியவில்லை.

## வழி 2: தனியாகக் கேட்டு, தவணை போட்டுக் கொடுப்பது

"கேட்டுப் பார்த்துவிட்டோம்" என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படிக் கேட்டீர்கள் என்று விசாரித்தால், மூன்று மாதத்தில் நாலு தடவை "சார், கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க" என்று போனது தெரியவரும். அதில் தொகை இல்லை, தேதி இல்லை, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதும் இல்லை.

சரியான கடிதத்தில் ஐந்து இருக்க வேண்டும்: எதற்கான பில், எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எப்படிக் கட்டுவது, பில்லில் தகராறு இருந்தால் யாரிடம் சொல்வது. அந்த ஐந்தாவது வரி மறுப்பவரை வெளியே கொண்டுவரும். "வேலை பாதியில் நின்றதே" என்று அவர் எழுதினால், உங்களுக்கு அதுவரை தெரியாத ஒரு விஷயம் தெரியவருகிறது. சில சமயம் பில்லே தப்பு என்பதும் தெரியவரும். அவர் பெயரைச் சுவரில் ஒட்டியிருந்தால் நிலைமை என்ன?

தனியாக என்றால் உண்மையிலேயே தனியாக இருக்க வேண்டும். போன் பூட்டியிருக்கும்போதே திரையில் செய்தியின் முதல் வரி தெரியும். "உங்கள் பாக்கி 90 நாள் தாண்டிவிட்டது" என்று ஆரம்பித்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் படிப்பார். இப்படித் தொடங்கலாம்: "வணக்கம். கடந்த மாதம் 4ஆம் தேதியிட்ட 118ஆம் எண் ரசீது தொடர்பாக எழுதுகிறேன். வசதிப்படும்போது இந்த எண்ணில் அழையுங்கள்." விவரமெல்லாம் மூடிய கடிதத்தில் அல்லது மின்னஞ்சலில் போகட்டும். வேறு யாராவது போனை எடுத்தால் உங்கள் பெயரையும் எண்ணையும் மட்டும் விட்டுவிட்டு வைத்துவிடுங்கள். நினைவூட்டலைப் பலருக்கு ஒரே மின்னஞ்சலில் அனுப்பும்போது எல்லா முகவரியும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போட்டுவிடுவதும் உண்டு. ஒரே சொடுக்கில் வழி 2 வழி 1 ஆகிவிடும்.

வெட்கத்தைப் பார்வையாளர் இல்லாமலேயே பயன்படுத்தலாம் என்பதற்கு நல்ல உதாரணம் பிரிட்டனின் வரிக் கடிதங்கள். பத்தில் ஒன்பது பேர் உரிய நேரத்தில் வரி கட்டிவிடுகிறார்கள், இன்னும் கட்டாத மிகச் சிலரில் நீங்களும் ஒருவர் என்ற வரியைச் சேர்த்து அனுப்பியபோது, வழக்கமான கடிதத்தை விடக் கூடுதலானோர் கட்டினார்கள். மூடிய உறைக்குள் போன கடிதம், படித்தவர் ஒருவர் மட்டும். அந்த வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். பாதிப் பேர் கட்டாத இடத்தில் "எல்லோரும் கட்டிவிட்டார்கள்" என்று எழுதினால் ஒரே வாரத்தில் குட்டு உடைந்துவிடும்.

முடியாதவருக்குத் தவணை. அதை எழுத்தில் வாங்குங்கள். "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று அவர் கையெழுத்திட்டால் கடனை அவரே ஒப்புக்கொண்டதாகிறது. பல நாடுகளில் அப்படி எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து வழக்குப் போடும் காலக்கெடுவும் புதிதாகத் தொடங்குகிறது. இந்தியக் காலவரையறைச் சட்டத்தில், கெடு முடிவதற்கு முன்பு வாங்கிய ஒப்புதலுக்கு இந்த வலு உண்டு.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். யாராவது ஒருவர் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்து, தேதி தவறாமல் அனுப்ப வேண்டும். இன்னொன்று, தவணை கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்கள். கேட்கட்டும். கேட்டு வருகிறவர் ஓடி ஒளிபவரை விட மேல்.

## வழி 3: சேவையை நிறுத்துவது

இதைத்தான் பலர் கடைசியில் வைக்கிறார்கள். நான் இரண்டாவது படியில் வைப்பேன். பாக்கி தீரும்வரை புதிய வேலை இல்லை, அடுத்த முறை முன்பணம். இதற்கு யாருடைய பெயரையும் யாரிடமும் சொல்ல வேண்டாம். ஏமாற்றுபவருக்கு வலிக்கும் இடமும் இதுதான். அவருக்கு உங்களிடம் இன்னும் ஏதாவது தேவைப்படும்வரை உங்கள் கையில் பிடி இருக்கிறது.

எல்லா இடத்திலும் செல்லாது. தண்ணீர், மின்சாரம், நடந்துகொண்டிருக்கும் சிகிச்சை மாதிரி அத்தியாவசியமானவற்றை நினைத்தபடி நிறுத்த சட்டம் விடாது. வாடிக்கையாளரின் கோப்புகள், ஆவணங்கள், சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதும் தனிச் சிக்கல், ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் செய்யாதீர்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்ட இடத்தில் ஒரு படி கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்கப் பள்ளிகள் சிலவற்றில், மதிய உணவுக் கணக்கில் பணம் இல்லாத பிள்ளைகளின் கையில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். அந்தப் பழக்கத்தைச் சட்டம் போட்டுத் தடுத்த முதல் மாநிலம் நியூ மெக்சிகோ, 2017இல். பாக்கி பெற்றோருடையது, அவமானம் பிள்ளைக்கு. சேவையை நிறுத்துகிறேன் என்று பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பதும் அதே கணக்குதான்.

## வழி 4: வசூல் நிறுவனம், கடன் தகவல் அமைப்பு

தொகை பெரிது, உங்களுக்கு நேரம் இல்லை, உறவு ஏற்கெனவே முறிந்துவிட்டது என்றால் இது பொருந்தும். வசூலானதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள், அல்லது பாக்கியையே குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்வார்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவு, உங்கள் பெயரில் அவர்கள் என்ன செய்வார்கள் என்பது உங்கள் கையில் இல்லாதது. நீங்கள் வெளியிட மறுத்த பெயரை அவர்களுடைய ஆள் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லலாம். வாடிக்கையாளர் நினைவில் வைத்திருக்கப் போவது உங்கள் பெயரை. அதனால் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்: மூன்றாம் நபரிடம் பேசக் கூடாது, சமூக ஊடகத்தில் வெளிப்படையாக எதுவும் போடக் கூடாது, எத்தனை முறை அழைக்கலாம். அமெரிக்காவில் 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, ஒரு கடனுக்கு ஏழு நாளில் ஏழு அழைப்புக்கு மேல் போனால் அது தொல்லை என்று கருதுகிறது. உங்கள் ஊர்ச் சட்டத்தில் அளவு இல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தில் நீங்களே ஓர் அளவு வைக்கலாம். நிறுவனத்திடம் கொடுக்கும் தகவலையும் குறையுங்கள். கிளினிக் என்றால் பெயர், முகவரி, தொகை, தேதி போதும். என்ன சிகிச்சை என்பது வசூலுக்குத் தேவையில்லை.

யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று பதிந்து வைக்கும் கடன் தகவல் அமைப்பில் பாக்கியைப் பதிவது சின்ன வியாபாரிக்கு எல்லா நாட்டிலும் கிடைக்கும் வசதி அல்ல, பெரும்பாலும் உறுப்பினர் நிறுவனங்களுக்குத்தான். கிடைத்தால் அது பொதுப் பட்டியலை விடப் பல மடங்கு மேல். கடன் கொடுக்க வேண்டியவர் மட்டும் பார்க்கிறார், தவறு இருந்தால் திருத்தும் நடைமுறை இருக்கிறது.

## வழி 5: நோட்டீஸ், நீதிமன்றம்

கையெழுத்திட்ட ஒப்பந்தம், வேலை முடிந்ததற்கான சான்று, நீங்கள் அனுப்பிய கடிதங்களின் நகல் இருந்தால் போகலாம். இவை இல்லாவிட்டால் போகாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் ஒன்றே பல சமயம் காரியத்தை முடித்துவிடும். இந்த ஆள் விடமாட்டான் என்று அதுதான் முதலில் தெரியப்படுத்துகிறது.

காலக்கெடுவை மறக்க வேண்டாம். செய்த வேலைக்கோ விற்ற பொருளுக்கோ பணம் கேட்டு வழக்குப் போட இந்தியாவில் 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6 ஆண்டு. இங்கிலாந்தில் தனி நபர் மீது வழக்குப் போடும் முன் கடிதம் அனுப்பி 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்ற நடைமுறை 2017 முதல் இருக்கிறது. சின்னத் தொகைக்கென்றே எளிய நீதிமன்ற நடைமுறைகள் பல நாடுகளில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாடு விட்டு நாடு 5,000 யூரோ வரை படிவம் நிரப்பியே வழக்குப் போடலாம். இந்தியாவில் சமரசம் பேசி வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் நீதிமன்றக் கட்டணம் இல்லை. ஏற்கெனவே கட்டியிருந்தால், அங்கே வழக்கு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

தீர்ப்பு வேறு, பணம் வேறு. தீர்ப்பு வாங்கிய பிறகும் அதை நிறைவேற்ற ஒரு நடை உண்டு. எதிராளியிடம் சொத்தோ சம்பளமோ இல்லை என்றால் அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைக்கலாம், அவ்வளவுதான்.

## வழி 6: விட்டுவிடுவது

சின்னத் தொகை, முடியாதவர், இனி வரப் போவதில்லை என்றால் வாராக்கடனாக எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். வரிக் கணக்கில் அதைக் கழிக்க முடியுமா என்று கணக்காளரிடம் கேளுங்கள். விட்டுவிட்டேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம், அதுவும் ஒரு விதத்தில் பெயரை வெளியிடுவதுதான்.

## ஒரே பார்வையில்

| வழி | யாரிடம் வேலை செய்யும் | வெளியே தெரியாத செலவு | தவறானால் திருத்த முடியுமா |
|---|---|---|---|
| பெயரை வெளியிடுவது | சின்னப் பாக்கி வைத்த, மானத்துக்கு அஞ்சுகிறவர் | வழக்கு, மற்ற வாடிக்கையாளரின் பயம் | முடியாது |
| தனியாகக் கேட்பது, தவணை | மறந்தவர், முடியாதவர், மறுப்பவர் | ஒழுங்காகத் தொடர ஓர் ஆள் | எளிது |
| சேவையை நிறுத்துவது | ஏமாற்றுபவர், இன்னும் உங்கள் தேவை உள்ளவர் | அத்தியாவசியச் சேவையில் சட்டச் சிக்கல் | பெரும்பாலும் முடியும் |
| வசூல் நிறுவனம் | பெரிய தொகை, முறிந்த உறவு | பங்கு, உங்கள் பெயருக்கு வரும் கெடுதல் | கடினம் |
| நோட்டீஸ், நீதிமன்றம் | ஏமாற்றுபவர், சொத்து உள்ளவர் | காலம், நிறைவேற்றும் அலைச்சல் | மேல்முறையீடு உண்டு |
| விட்டுவிடுவது | முடியாதவர், சின்னத் தொகை | தொகையே | தேவை இல்லை |

முதல் வரியில் 'மற்ற வாடிக்கையாளரின் பயம்' என்று எழுதியதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். சுவரில் ஒட்டிய பட்டியலை ஒழுங்காகக் கட்டுபவரும் படிக்கிறார். "ஏழாம் எண் வீடு, மூன்று மாதம்" என்ற வரியைப் பார்த்து அவர் முதலில் சிரிக்கலாம். அப்புறம், நமக்கு ஒரு மாதம் சம்பளம் தள்ளிப் போனால் நம் பெயரும் இங்கேதான் வரும் என்று நினைப்பார். பணம் வந்து சேர்ந்தும் பட்டியலைத் திருத்த மறந்துவிடுவதுதான் இன்னும் மோசம். அந்தப் பொறுப்பு யாருடையது என்று பெரும்பாலும் யாருமே முடிவு செய்திருக்கமாட்டார்கள். பட்டியல் ஒட்டுவதற்கு ஆள் கிடைக்கும், கிழிப்பதற்குக் கிடைக்காது.

குடியிருப்போர் சங்கத்துக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. கணக்கு எல்லா உறுப்பினருக்கும் தெரிய வேண்டும் என்ற வாதம் அங்கே நியாயமானது. மொத்த நிலுவை இவ்வளவு, இத்தனை வீடுகள், இந்தக் காரணத்தால் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை தள்ளிப் போகிறது என்று சொல்லலாம். பெயர் வாரியான கணக்கைப் பார்க்க விதிமுறை யாருக்கு உரிமை கொடுக்கிறதோ அவர் அலுவலகத்தில் வந்து பார்க்கட்டும். லிஃப்டுக்குள் ஒட்டினால் கூரியர் கொண்டுவருபவரும் படிப்பார்.

## என் வரிசை

முதல் 30 நாளுக்கு மென்மையான, தேதி குறித்த நினைவூட்டல். அதன் பிறகு ஐந்து விவரமும் உள்ள கடிதம், கூடவே தவணை வாய்ப்பு. கெடு தாண்டினால் புதிய வேலை நிறுத்தம். அப்போதும் பதில் இல்லையென்றால், ஆவணம் இருந்தால் நோட்டீஸ், இல்லாவிட்டால் விட்டுவிடுவது. வசூல் நிறுவனம், தொகை பெரிதாக இருந்து ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாதபோது மட்டும். ஒவ்வொரு படியிலும் இவர் எந்த ரகம் என்று மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கடிதத்துக்கு வந்த பதிலோ வராத மௌனமோ பாதி பதிலைச் சொல்லிவிடும்.

## பாக்கி வைத்தவரே பொதுவில் திட்டினால்

கை பரபரக்கும் இடம் இதுதான். கட்ட வேண்டியதைக் கட்டாதவர், கூகுளில் ஒரு நட்சத்திரம் கொடுத்து, "மோசமான சேவை, யாரும் போகாதீர்கள்" என்று எழுதிவிட்டுப் போகிறார். "முதலில் உன் பாக்கியைக் கட்டு" என்று கீழே எழுதினால் மனசு ஆறும். ஆனால் அவர் தன் அனுபவத்தைத்தான் சொன்னார், நீங்கள் அவருடைய கணக்கைச் சொல்லிவிடுகிறீர்கள். மருத்துவத் தொழிலில் இருப்பவருக்கு இன்னும் மோசம். அமெரிக்காவில் நோயாளியின் இணைய விமர்சனத்துக்குப் பதில் எழுதும்போது அவருடைய விவரங்களைச் சொல்லிவிட்ட மருத்துவ நிலையங்கள், நோயாளி அந்தரங்கச் சட்டத்தின் கீழ் அபராதம் கட்டியிருக்கின்றன. அவர் உங்களிடம் வந்தார் என்பதை ஒப்புக்கொள்வதே அங்கே தகவல்.

பதில் எழுதத்தான் வேண்டும், படிக்கும் மற்றவர்களுக்காக. இவ்வளவு போதும்: "உங்கள் கருத்தைப் பார்த்தோம். தனிப்பட்ட கணக்கு, சேவை விவரங்களை நாங்கள் பொதுவில் பேசுவதில்லை, அது யாருடையதாக இருந்தாலும். எங்கள் அலுவலக எண்ணில் அழைத்தால் பொறுப்பாளரே பேசுவார்." இதைப் படிக்கும் புதிய வாடிக்கையாளருக்கு, தன் விவரமும் இங்கே பத்திரமாக இருக்கும் என்று தெரியும். அவர் மறுபடி ஏதாவது எழுதினால் அதற்குப் பதில் வேண்டாம். சேவையைப் பற்றி அவர் சொன்ன குறை உண்மையா என்று உள்ளே விசாரியுங்கள். பாக்கிக் கடிதம் தன் வழக்கமான தேதியில், மூடிய உறையில், பில் நகலோடு தனியாகப் போகட்டும்.